பழைய கார் வாங்கியாச்சு, பாட்டு மட்டும் சரியாக வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைமாறி வந்த காரில் ஆடியோ பழுது என்றதும் பலரும் முதலில் புது ஸ்டீரியோ பார்க்கப் போகிறார்கள். நான் பார்த்த வரையில் குறை பெரும்பாலும் ஸ்டீரியோவில் இருப்பதில்லை, முன்பு வைத்திருந்தவர்கள் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிட்ட ஒயரில்தான் இருக்கிறது. அதனால் கீழே வரும் பதில்கள் எல்லாமே ஒரே வேலையைத்தான் சொல்கின்றன: சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள், அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் செட்டிங்கைப் பாருங்கள். பேலன்ஸ் (இடது வலது சத்தப் பங்கீடு), ஃபேடர் (முன் பின் சத்தப் பங்கீடு) இரண்டையும் நடுவில் வையுங்கள், ஈக்வலைசரைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள், மியூட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று யாரோ என்றைக்கோ ஃபேடரை முழுக்க முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், கார் வாங்கியவர் பின் ஸ்பீக்கர் இரண்டும் போய்விட்டது என்று டோர் பேடைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

அடுத்து, பேலன்ஸையும் ஃபேடரையும் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளி, எந்த ஸ்பீக்கர் பாடுகிறது, எது பாடவில்லை, எது கரகரக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரேடியோ, ப்ளூடூத், யூஎஸ்பி மூன்றிலும் இதைச் செய்யுங்கள். மூன்றிலும் ஒரே கோளாறு என்றால் அது ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), ஒயர், ஸ்பீக்கர் பக்கம். ஒன்றில் மட்டும் என்றால் அந்த வழி மட்டும்தான் பழுது. பத்து நிமிட வேலை, பாதி தேடலை மிச்சப்படுத்திவிடும்.

என்னென்ன கருவி வேண்டும்?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, ஒரு 1.5 வோல்ட் பென் பேட்டரி, இரண்டு முழம் ஒயர், டாஷ்போர்டைக் கீறாத பிளாஸ்டிக் நெம்புகோல், டார்ச். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பேன், ஏனென்றால் யூகித்து யூகித்துப் பொருள் மாற்றுவதுதான் இதில் ஆகிற பெரிய செலவு.

ஒரு எச்சரிக்கை. டாஷ்போர்டுக்குப் பின்னாலும் ஸ்டியரிங் பக்கத்திலும் மஞ்சள் உறை போட்ட ஒயர், மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக். அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. ஸ்டீரியோவை வெளியே எடுக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். ஆனால் பேட்டரியைக் கழற்றினால் சில ஸ்டீரியோக்கள் கோடு (code) என்ற ரகசிய எண்ணைக் கேட்கும், அதனால் கழற்றும் முன் அது பற்றிய கேள்வியைக் கீழே படித்துவிடுங்கள்.

ஸ்டீரியோ உயிரே வரவில்லை, விளக்குகூட எரியவில்லை. போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். ஸ்டீரியோவுக்கு மூன்று ஒயர் உயிர் கொடுக்கின்றன: எப்போதும் 12 வோல்ட் இருக்கும் ஒயர், சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயர், காரின் உலோக பாடியோடு சேரும் எர்த். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் செட் பிணம் மாதிரிதான் கிடக்கும்.

முதலில் ஃப்யூஸ். இது ஒரே இடத்தில் இருக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். காருக்குள் ஒரு ஃப்யூஸ் பெட்டி, எஞ்சின் பக்கம் இன்னொன்று, ஸ்டீரியோவின் முதுகிலேயே ஒன்று, அது பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். தனி ஆம்ப் போட்டிருந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் இன்லைன் ஃப்யூஸும் இருக்கும், இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், சன்னமான விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும், சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து சிவப்பு முனையால் இரண்டு புள்ளியையும் தொடுங்கள். இரண்டிலும் 12 வோல்ட் என்றால் நல்லது, ஒன்றில் மட்டும் என்றால் போய்விட்டது.

போன ஃப்யூஸுக்குப் பதில் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 10 அடிக்கடி போகிறது என்று 30 போட்டால், அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதில் ஒயர் உருகும், அதுவும் டாஷ்போர்டுக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பழைய காரில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையைப் பார்த்தால், முன்னால் யாரோ இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உடனே ஷார்ட்டைத் தேடுங்கள்.

ஃப்யூஸ் எல்லாம் சரி, 12 வோல்ட்டும் வருகிறது என்றால் எர்த்தைப் பாருங்கள். ஸ்டீரியோவின் கறுப்பு ஒயரிலிருந்து ஒரு துண்டு ஒயரை நேராக பாடியின் சுத்தமான போல்ட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். செட் விழித்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது.

பின்னால் வண்ண வண்ணமாக ஒயர் இருக்கிறது, எது எது?

வெளியில் வாங்கிப் போட்ட ஸ்டீரியோவில் பெரும்பாலும் இந்த முறைதான்: மஞ்சள் எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சிவப்பு சாவியோடு வருவது, கறுப்பு எர்த், முழு நீலம் ஏன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்ப, ஆரஞ்சு விளக்கு மங்கலாக்க. ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அதனதன் நெகட்டிவ்.

ஆனால் இது ஸ்டீரியோ பக்கத்து நிறம் மட்டும். காரின் பக்கம் வரும் ஒயருக்குத் தயாரிப்பாளர் தன் இஷ்டப்படி நிறம் கொடுத்திருப்பார். கார் பக்கத்தில் மஞ்சள் தெரிகிறதே என்று ஸ்டீரியோவின் மஞ்சளோடு சேர்க்காதீர்கள், மீட்டரில் பார்த்துவிட்டுச் சேருங்கள். புதிய கார்கள் பலவற்றில் சாவி ஒயரே வராது, அந்தத் தகவல் கேன் பஸ் என்ற டேட்டா ஒயர் வழியாகப் போகிறது, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும்.

வண்டியை நிறுத்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நேரமும் ஸ்டேஷனும் மறந்துபோகிறது, ஏன்?

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது, அல்லது மஞ்சளில் கரன்ட் இல்லாமல் இரண்டையும் சேர்த்துச் சிவப்பிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீரியோவின் பின்னால் வரும் பொதுத் தரமான ஐஎஸ்ஓ கனெக்டரில் 4ஆம் பின்னும் 7ஆம் பின்னும்தான் இந்த இரண்டு, சில கார் தயாரிப்பாளர்கள் இவற்றை மாற்றி வைத்திருக்கிறார்கள். பல அடாப்டர்களில் இந்த இரண்டு ஒயரிலும் நடுவில் சின்ன புல்லட் கனெக்டர் இருப்பதே இதற்காகத்தான், கழற்றிக் குறுக்கே மாற்றிச் செருகினால் சரியாகிவிடும்.

பேட்டரி மாற்றினேன், இப்போது ஸ்டீரியோ கோடு கேட்கிறது

திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. கோடு கார் கையேட்டோடு வரும் சின்ன அட்டையில் இருக்கும், பழைய கார் என்பதால் டேஷ் அறை, கையேட்டின் கடைசிப் பக்கம், சில சமயம் செட்டின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் என்று தேட வேண்டியிருக்கும். விற்றவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் முதல் வழி. இல்லையென்றால் செட்டின் சீரியல் எண்ணையும் காரின் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீசுக்குப் போங்கள். யூகித்து அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். சில தவறான முயற்சிக்குப் பிறகு செட் பூட்டிக்கொள்ளும், சில மாடலில் ஒரு மணி நேரம் செட்டை ஆன் செய்தே வைத்திருந்தால்தான் மறுபடி முயற்சிக்க விடும்.

திரை எரிகிறது, பாட்டு ஓடுகிறது என்று காட்டுகிறது, ஆனால் எந்த ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை

நான்கு ஸ்பீக்கரும் ஒரே நாளில் சாகாது. தனி ஆம்ப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சீட்டுக்கு அடியில், டிக்கியின் பக்கவாட்டில், சில காரில் கம்பெனியிலேயே ஒளித்து வைத்திருப்பார்கள். நீல வெள்ளை ஒயரில் செட் ஓடும்போது 12 வோல்ட் வர வேண்டும், வராவிட்டால் ஆம்ப் எழுந்திருக்காது.

ஆம்ப் இல்லை, செட்டிலிருந்து நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது என்றால், பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கர் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு ஒயருமே ஆம்ப் சிப்பிலிருந்து வருகின்றன. எர்த்தோடு ஒப்பிட்டால் இரண்டிலும் பேட்டரியில் பாதி, அதாவது 6 அல்லது 7 வோல்ட் இருக்கும். அதனால் ஸ்பீக்கர் நெகட்டிவ்தானே என்று பாடியில் தொட்டுவிட்டால் அது ஷார்ட், உடனே சிப் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடும். இது தெரியாமல் நான்கு நெகட்டிவையும் ஒன்றாக முறுக்கி எர்த்தில் கொடுத்த கார்களை நானே பார்த்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க, செட்டின் பின்னால் நான்கு ஸ்பீக்கர் ஜோடியையும் கழற்றிவிட்டு, நன்றாக இருக்கும் என்று தெரிந்த ஒரு ஸ்பீக்கரை நேராக இணைத்துப் பாருங்கள். பாடினால் செட் நல்லது. பிறகு காரின் ஜோடிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள், எதைச் சேர்க்கும்போது மௌனமாகிறதோ அந்த ஒயரில்தான் ஷார்ட். மாறாக, ஒரு ஜோடியின் இரண்டு ஒயருக்கு நடுவில் டிசி சில வோல்ட் காட்டினால் சிப் போய்விட்டது, அதில் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், சுருள் எரிந்துவிடும்.

ஒரு ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டுப் பாடுகிறது

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மாற்றிப் பார்ப்பது. செட்டின் பின்னால் முன் இடது ஜோடியையும் முன் வலது ஜோடியையும் இடம் மாற்றுங்கள். கோளாறு வலது பக்கம் போய்விட்டால் செட்டின் அந்த சேனல் பழுது. இடது பக்கமே நின்றால் ஒயர் அல்லது ஸ்பீக்கர். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

இடது பக்கமே நின்றது என்று வையுங்கள். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். திறந்தால் பாடுகிறது, மூடினால் நிற்கிறது, அல்லது நேர்மாறு என்றால், கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் அந்த மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்க்குள்தான் விஷயம். என் காரிலும் இதேதான் நடந்தது. ஸ்பீக்கரைக் கழற்றிச் சோதித்தேன், நன்றாக இருந்தது, செட்டும் நன்றாக இருந்தது, ஒயரைக் கண்ணால் பார்த்தாலும் ஒரு கீறல் இல்லை. கடைசியில் ரப்பரை உருவி ஒவ்வொரு ஒயராக இரண்டு விரலில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தபோது, ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. மேலுறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து இரண்டாகக் கிடக்கிறது, நுனியில் பச்சையாகக் களிம்பு. வருடக்கணக்கில் கதவு திறந்து மூடி அதே இடத்தில் மடங்கி மடங்கி அறுந்திருக்கிறது. கதவு மூடும்போது இரண்டு நுனியும் விலகும், திறக்கும்போது தொடும்.

இதைச் சரிசெய்யும்போது அறுந்த இடத்தை அப்படியே முறுக்கி டேப் சுற்றாதீர்கள், மறுபடி அங்கேயே அறும். மடங்கும் பகுதிக்கு இரண்டு பக்கமும் தள்ளி வெட்டி, நடுவில் வளைந்து கொடுக்கும் புது ஒயர்த் துண்டு வைத்து சால்டர் செய்து, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஜாயின்ட் ரப்பருக்கு வெளியே வர வேண்டும். ஒரு ஒயர் அறுந்திருந்தால் பக்கத்து ஒயர்களும் அதே வயதுதான், பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் ஒயர்களையும் அப்படியே இழுத்துப் பார்த்துவிடுங்கள். சில கார்களில் அந்த இடத்தில் ஒயருக்குப் பதில் பின்கள் தொட்டுக்கொள்ளும் கனெக்டர் இருக்கும், அதைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே போதும்.

கதவு ஆட்டினால் மாற்றமில்லை என்றால் டோர் பேடைக் கழற்றி ஸ்பீக்கரின் கனெக்டரைப் பிரித்து, இரண்டு காலுக்கு நடுவில் ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் என்று எழுதியிருந்தால் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது சரியான அளவுதான். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் சுருள் ஷார்ட். ட்வீட்டருக்கு (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தொடரில் கெப்பாசிட்டர் இருப்பதால் அதை இப்படி அளக்க முடியாது, கெப்பாசிட்டருக்கு அப்பால் அளக்க வேண்டும்.

சத்தம் வருகிறது, ஆனால் கரகரவென்று கிழிகிறது

ஸ்பீக்கர் கிழிவதா கதவு அதிர்வதா என்று பிரியுங்கள். பாட்டு ஓடும்போது டோர் பேடை உள்ளங்கையால் அங்கங்கே அழுத்துங்கள். அழுத்தினால் நின்றுவிட்டால் கிளிப் உடைந்திருக்கிறது அல்லது உள்ளே லாக் கம்பி தகட்டில் தட்டுகிறது. அழுத்தியும் நிற்காவிட்டால் ஸ்பீக்கர். கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம் வயதானால் பொடிப்பொடியாக உதிரும், விரலால் தொட்டாலே கையில் ஒட்டும். கூம்பை நான்கு விரலால் சமமாக மெல்ல உள்ளே அழுத்துங்கள், மணல் உரசுவது போலக் கேட்டால் சுருள் காந்தத்தில் உரசுகிறது, அதை மாற்றத்தான் வேண்டும்.

புதிதாகப் போடும்போது டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் அந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் உள்பக்கம் வராமல் தடுப்பது அதுதான். முன்னால் வேலை பார்த்தவர் அதைக் கிழித்து எறிந்திருந்தால், தடிமனான வேறு பிளாஸ்டிக் தாளை வெட்டி ஓரமெல்லாம் ஒட்டிவிடுங்கள்.

நான்கு ஸ்பீக்கரும் பாடுகிறது, ஆனால் பேஸ் மட்டும் காணோம்

பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் கூடுகிறது, நடுவுக்குக் கொண்டு வந்தால் சப்பென்று ஆகிறது என்றால், ஒரு ஸ்பீக்கரில் பாசிட்டிவும் நெகட்டிவும் தலைகீழாக இருக்கிறது. ஒன்று வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுக்கிறது, தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. செட்டிலிருந்து அந்த ஜோடியைக் கழற்றிவிட்டு ஒயரில் 1.5 வோல்ட் பென் பேட்டரியைக் கண நேரம் தொட்டு எடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் பாசிட்டிவ் ஒயரில் பட்டால் கூம்பு வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் தலைகீழ். கழற்றாமல் செய்யாதீர்கள், அந்த வோல்ட் செட்டுக்குள் போகும்.

எஞ்சின் ஓடும்போது உய்ங்ங் என்று ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் மிதித்தால் அதுவும் ஏறுகிறது

எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆல்டர்னேட்டர் பழுது என்று அர்த்தமில்லை, அதன் சலசலப்பு பாட்டு போகும் பாதைக்குள் நுழைய யாரோ கதவு திறந்து வைத்திருக்கிறார்கள்.

தனி ஆம்ப் இருந்தால், செட்டிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டு வரும் ஆர்சிஏ கேபிளை ஆம்ப் பக்கம் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது கேபிள் வழியாக அல்லது செட்டிலிருந்து வருகிறது. நிற்காவிட்டால் ஆம்பின் பவர், எர்த் பக்கம். பத்தில் பாதிக்கு மேல் எர்த்தில்தான் முடியும் என்று தைரியமாகச் சொல்வேன். எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே திருகி வைத்திருப்பார்கள், சீட் பெல்ட் போல்ட்டில் மாட்டியிருப்பார்கள், அந்த போல்ட்டைப் பாதுகாப்புக்காகவும் தொடக்கூடாது. கனமான தகடு இருக்கும் இடமாகப் பார்த்து, பெயின்டை உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, பவர் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் எர்த் கொடுங்கள், மேலே துரு பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்று அளக்க, எஞ்சின் ஓட, பாட்டு சத்தமாக ஓட, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த் காலிலும் வையுங்கள். 0.1 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. அரை வோல்ட் என்றால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

ஆர்சிஏ கேபிளும் தடிமனான பவர் ஒயரும் கார்பெட்டுக்கு அடியில் ஒரே பக்கமாகக் கைகோத்துப் போகிறதா என்றும் பாருங்கள். ஒன்று இடது ஓரம், இன்னொன்று வலது ஓரம் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள், அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு மேல்தான் சந்தேகம் வரும். ஃபில்டர் ஒன்றை வாங்கி மாட்டிச் சத்தத்தை அமுக்குவது எனக்குப் பிடிக்காத வழி, காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

போனை சார்ஜரில் போட்டு ஆக்ஸ் கேபிளும் சொருகினால் மட்டும் இரைச்சல்

ஒரே போனுக்கு இரண்டு வழியாக எர்த் போகிறது, அந்த வளையத்தில் இரைச்சல் ஓடுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும். ஆக்ஸ் கேபிளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பாவைப் போடுங்கள், அல்லது ப்ளூடூத்தில் கேளுங்கள்.

எஃப்எம் முன்பு நன்றாக எடுத்ததாம், இப்போது ஒரே இரைச்சல்

முன்பு இருந்தவர் புது ஸ்டீரியோ போட்டாரா என்று கேளுங்கள். கூரை மேல் குட்டையான ஏன்டெனா, கண்ணாடிக்குள் ஏன்டெனா உள்ள கார்களில் அதன் அடியிலேயே ஒரு சின்ன சிக்னல் பெருக்கி இருக்கும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். எஃப்எம் அலைக்கு முழு நீளக் குச்சி என்றால் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் வேண்டும், குட்டைக் குச்சி அந்தப் பெருக்கியை நம்பித்தான் இருக்கிறது. புது ஸ்டீரியோ போட்டவர் முழு நீல ஒயரைச் சும்மா விட்டிருந்தால் பெருக்கி தூங்கும். அதை இணைத்தவுடன் ஸ்டேஷன்கள் திரும்பி வருவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அது இல்லையென்றால் குச்சியைத் திருகிக் கழற்றி அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் டாஷ் கேமரா, மலிவான யூஎஸ்பி சார்ஜர், பிறகு போட்ட எல்இடி விளக்கு, மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எஃப்எம்மை அதிகம் கெடுப்பது இவைதான்.

ப்ளூடூத் இணையவே மாட்டேன் என்கிறது

பழைய உரிமையாளர் வீட்டுப் போன்கள் எல்லாம் பட்டியலில் இருக்கும், இடம் நிரம்பிவிட்டால் பல செட்டுகள் புதிதாக எதையும் சேர்க்காது. எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், முடிந்தால் ஃபேக்டரி ரீசெட். அவர்களின் தொடர்பு எண்களும் அழைப்புப் பட்டியலும்கூட உள்ளே இருக்கும், அதை அழிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. போன் பேச முடிகிறது, பாட்டு வரவில்லை என்றால் போனின் ப்ளூடூத் பக்கத்தில் அந்தக் காரைத் தொட்டு மீடியா ஆடியோ ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பென் டிரைவை படிக்கவில்லை

ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, எம்பி3 கோப்புகளைப் போட்டுப் பாருங்கள். பழைய செட்டுகள் பல எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் அறியாது. 32 ஜிபிக்குள் இருந்தால் நல்லது. போன் இணைக்கும்போது சார்ஜ் மட்டும் ஆகிறது என்றால் கேபிளில் டேட்டா ஒயரே இல்லாமல் இருக்கலாம், வேறு கேபிள்.

இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது, ஆடியோதான் காரணமா?

இருக்கலாம், பிறகு போட்ட ஆம்ப் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ஆம்பை எழுப்பும் ஒயரைச் சாவி இல்லாமலே 12 வோல்ட் இருக்கும் இடத்தில் கொடுத்துவிட்டால் அது இரவு பகலாக விழித்திருக்கும். கணக்குப் பாருங்கள்: அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி, 60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி இரண்டரை நாளில் காலி. பழைய பேட்டரி என்றால் அதற்கு முன்பே வண்டி எடுக்காது.

வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து ஆம்பைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடாக இருந்தால் அதுவே சாட்சி. மீட்டரில் பார்க்க எளிய வழி, வண்டி முழுசாகத் தூங்கிய பிறகு, ஃப்யூஸைப் பிடுங்காமல் அதன் தலையில் உள்ள இரண்டு புள்ளிக்கு நடுவில் மில்லிவோல்ட் அளப்பது. பூஜ்யம் என்றால் அதில் கரன்ட் ஓடவில்லை, ஏதாவது காட்டினால் ஓடுகிறது. மொத்தமாக அளக்க, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணைக்கலாம், 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்யவோ ஹெட்லைட் போடவோ கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது

ஸ்பீக்கர் ஒயர், ஆர்சிஏ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் சிவப்பு என்றால், வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருக்கும் பட்சத்தில், ஆம்ப் உள்ளேயே பழுது. சிவப்பு போய்விட்டால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குற்றவாளியைப் பிடியுங்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும், பல ஆம்புகள் பிரிட்ஜ் முறையில், அதாவது இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கும்போது, 4 ஓமுக்குக் கீழே தாங்காது. பாட்டு கொஞ்ச நேரம் ஓடி, சூடாகி, பிறகு சிவப்பு வருகிறது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங் பட்டன் வேலை செய்யவில்லை

ஹார்னும் கூடவே வேலை செய்யவில்லை அல்லது ஏர்பேக் விளக்கு எரிகிறது என்றால், ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் நாடாக் கேபிள் அறுந்திருக்கிறது. அது ஏர்பேக்கைக் கழற்றும் வேலை, தெரிந்தவரிடம் விடுங்கள். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஸ்டீரியோ மட்டும் வெளியில் வாங்கியது என்றால், பட்டன்களைச் செட்டுக்குக் கற்றுக்கொடுக்கும் பகுதி செட்டிங்கில் இருக்கும்.

வால்யூம் திருகினால் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது, தாவுகிறது

குமிழுக்குப் பின்னால் இருக்கும் என்கோடர் அழுக்காகிவிட்டது. குமிழை உருவி, இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் சில துளி, செட் அணைந்திருக்கும்போது முப்பது நாற்பது முறை இரண்டு பக்கமும் திருப்புங்கள். பல சமயம் இதுவே போதும்.

ஐரோப்பிய உயர்ரகக் கார், ஆடியோ முழுக்க ஊமை, ஃப்யூஸ் எல்லாம் நல்லது

2001க்குப் பிறகு வந்த பல ஜெர்மன் கார்களில் செட், ஆம்ப், நேவிகேஷன் எல்லாம் மோஸ்ட் என்ற ஃபைபர் வளையத்தில் கோத்திருக்கும். ஒயருக்குப் பதில் சிவப்பு வெளிச்சம் ஓடும். வளையத்தில் ஒரே ஒரு பெட்டி செத்தாலும் மொத்தமும் ஊமை. டிக்கியில் தண்ணீர் இறங்கி ஆம்ப் நனைந்து இப்படி ஆவது உண்டு. ஒவ்வொரு பெட்டியாக வளையத்திலிருந்து விலக்கி, அந்த இடத்தில் லூப் கனெக்டர் போட்டுப் பார்த்தால் எது செத்தது என்று தெரிந்துவிடும். ஃபைபரை ஒடித்து வளைக்காதீர்கள், 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைந்தால் வெளிச்சம் கசியும்.

வாங்கும் முன்பே இதையெல்லாம் பார்க்க முடியுமா?

நிச்சயம் முடியும், விற்பவர் பக்கத்தில் நின்றாலும் கூச்சப்பட வேண்டாம். எஞ்சினை ஓட்டி, ஏசி போட்டு, நான்கு மூலைக்கும் பேலன்ஸைத் தள்ளிக் கேளுங்கள். ஒவ்வொரு கதவையும் பாட்டு ஓடும்போதே திறந்து மூடுங்கள். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து உய்ங் வருகிறதா என்று கவனியுங்கள். சாவியை எடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, ஸ்டேஷன் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். கோடு அட்டை இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். வெளியில் போட்ட ஸ்டீரியோ என்றால், கம்பெனி கனெக்டரில் அடாப்டர் போட்டார்களா, ஒயரை வெட்டிச் சேர்த்தார்களா என்று நேராகக் கேளுங்கள். அதற்கு அவர் யோசித்தால், ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஸ்டீரியோவுக்கான இடத்தில் என்ன நிறம் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள்.